சத்தம் செவுத்து வழியா வரல, செவுத்துக்கு மேல வருது

லைன் வீட்டுல குடியிருக்குறவங்க, பழைய பங்களாவ ரெண்டா மூணா தடுத்து வாடகைக்கு விட்ட வீட்டுல இருக்குறவங்க, ஹட்டியில, அதாவது படுகர் ஊருல, வரிசையா ஒட்டி ஒட்டி வீடு இருக்குறவங்க, உங்க எல்லாருக்காகவும்தான் இத எழுதுறேன். பக்கத்து வீட்டு சத்தம் தாங்கலன்னு செவுத்துல காசு போடறதுக்கு முன்னாடி ஒரு ஏணிய எடுத்துட்டு வந்து சீலிங் பலகையில ஒண்ண கழட்டி மேல தலைய விட்டு டார்ச் அடிச்சு பாருங்க. நீலகிரியில நிறைய பழைய வீட்டுல நடுச்செவுரு கூரை வரைக்கும் போயிருக்காது, சீலிங் மட்டத்தோட நின்னுடும், அதுக்கு மேல இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே இருட்டுக் குகைதான், எல்லா வீட்டுக்கும் பொதுவா. உங்க வீட்டு சத்தம் சீலிங் வழியா மேல ஏறி, கூரைத் தகரத்துல பட்டு, அடுத்த வீட்டு சீலிங் வழியா கீழ இறங்குது. அந்த நேரத்துல நடுவுல நிக்குற செவுரு கல்லா இருந்தா என்ன, கான்கிரீட்டா இருந்தா என்ன.

எங்க வீடு குன்னூர் ஓட்டுப்பட்டறை பக்கம். ஒரே தகரக் கூரைக்கு கீழ வரிசையா வீடுங்க, உள்ள பலகை சீலிங், பலகைக்கும் பலகைக்கும் நடுவுல விரல் நுழையுற அளவுக்கு சந்து. பக்கத்து வீட்டுல ஒரு மாமாவும் அத்தையும் இருக்காங்க, ரொம்ப நல்ல மனுசங்க, மாமாவுக்கு வயசாக ஆக காது கேக்குறது கொறஞ்சுட்டே வந்துச்சு, அதனால டிவி சத்தம் கூடிட்டே போச்சு, ராத்திரி செய்தியில ஒரு வார்த்தை விடாம எங்க பெட்ரூம்ல கேக்கும். எங்க பொண்ணு பத்தாவது படிக்குறா, அவளுக்குத்தான் கஷ்டம். ஆனா என்னை உலுக்கினது அது இல்ல. ஒரு நாள் காலையில துணி காயப்போடும்போது அத்தை கேட்டாங்க, "கண்ணு, மாமியாருக்கு இருமல் கொறஞ்சிருச்சா, நேத்து விடியக்காலம் சத்தமே காணமே"ன்னு. பாசமாத்தான் கேட்டாங்க, அக்கறையிலதான் கேட்டாங்க. ஆனா அத காதுல வாங்கின எங்க மாமியார் அன்னிக்கு ராத்திரில இருந்து இருமல் வந்தா போர்வைய சுருட்டி வாயில வெச்சு அமுக்கிக்க ஆரம்பிச்சுட்டாங்க. சொந்த வீட்டுல, சொந்தக் கட்டில்ல, எழுபது வயசு தாண்டின ஒரு அம்மா இருமக்கூட கூச்சப்படறாங்கன்னா அத சரி பண்ணியே ஆகணும்னு அன்னிக்கு முடிவு பண்ணினேன்.

மாமியார் இலங்கையில கண்டி பக்கம் தேயிலைத் தோட்டத்துல பொறந்தவங்க, 1964ல இந்தியாவும் இலங்கையும் தோட்டத் தமிழர்கள பத்தி போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் கப்பலேறி வந்த குடும்பம். அங்க லயத்துலயும், அதாவது தோட்டத்து லைன் வீட்டுலயும், இதே கததான்னு சொல்லுவாங்க, தடுப்புச் செவுரு கூரை வரைக்கும் இருக்காது, ஒரு காம்பராவுல, அதாவது ஒரு ரூம்ல, கொழந்தை அழுதா வரிசை மொத்தமும் முழிச்சுக்கும், புருசன் பொண்டாட்டி சண்டைன்னா மறுநாள் மலையில கொழுந்து கிள்ளும்போது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். கட்டினவனுக்கு செங்கல் மிச்சம், சாந்து மிச்சம். உள்ள இருந்தவங்க தலைமுறை தலைமுறையா மெதுவா பேசியே பழகிட்டாங்க. ஏழை வீட்டுக்கு அமைதி எதுக்குன்னு நெனச்சு கட்டின கட்டடம் அது, அந்த நெனப்ப நாம இன்னிக்கு வரைக்கும் சுமந்துட்டு இருக்கவேண்டியதில்லன்னு நான் உறுதியா நம்புறேன்.

இன்னொண்ணும் சொல்லணும், இந்தத் தொந்தரவு கீழ சமவெளியில இருக்குறவங்கள விட நமக்கு ஏன் அதிகமா தெரியுதுன்னு. கோயமுத்தூர்ல எங்க அக்கா வீட்டுல செவுரு நாலரை இஞ்ச்தான், ஆனா பக்கத்து வீட்டு சத்தம் அவளுக்கு அவ்வளவா தெரியாது, ஏன்னா வருசம் பூரா தலைக்கு மேல ஃபேன் ஓடுது, ரோட்டுல பஸ் போகுது, அந்த இரைச்சல் மத்த சத்தத்த மூடிடுது. நம்ம ஊருல வீட்டுல ஃபேனே கெடையாது, குளிருக்கு ஜன்னல் எல்லாம் சாத்தியாச்சு, ஒம்பது மணிக்கு மேல ரோடு அடங்கிடுது, கொல்லையில காட்டெருமை வந்து நின்னா அது மூச்சு விடுறதுகூட கேக்கும். அப்படி ஒரு நிசப்தத்துல அடுத்த வீட்டுல ஸ்பூன் விழுந்தாலும் தூக்கம் கலையும். அதனால யாராவது "இதெல்லாம் ஒரு சத்தமா, நீங்க ரொம்ப சென்சிடிவ்"னு சொன்னா மனச போட்டு குழப்பிக்காதீங்க, இங்க காதுக்கு நிஜமாவே அதிகமா கேக்குது.

இப்ப கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, இது புரிஞ்சுட்டா கடைக்காரர் சொல்றதுல எது சரி எது வியாபாரம்னு உங்களுக்கே பிடிபட்டுடும். சத்தத்த டெசிபல்ல அளப்பாங்க. 10 டெசிபல் கொறஞ்சா நம்ம காதுக்கு சத்தம் பாதியா கொறஞ்ச மாதிரி இருக்கும். ரெண்டு பக்கமும் பூசின நாலரை இஞ்ச் செங்கல் செவுரு பேச்சு சத்தத்த ஏறக்குறைய 45 டெசிபல் வரைக்கும் தடுக்கும், ஒம்பது இஞ்ச்னா 50ஐ ஒட்டி வரும். பாருங்க, செவுரு ரெண்டு மடங்கு கனமாச்சு, ஆனா கெடைச்சது அஞ்சோ ஆறோ டெசிபல்தான். நடுவுல இடைவெளி இல்லாத ஒத்தை செவுத்துக்கு கனம் ரெண்டு மடங்கானா அவ்வளவுதான் ஏறும், அது இயற்கையோட விதி, எந்தக் கம்பெனி போர்ட செவுத்தோட சேத்து ஒட்டினாலும் இந்த விதிய தாண்ட முடியாது. ஆனா ஓட்டை கணக்கு வேற. செவுத்தோட மொத்த பரப்புல நூத்துல ஒரு பங்கு தொறந்து கெடந்தா போதும், மீதி 99 பங்கு எவ்வளவு கெட்டியா இருந்தாலும் அந்த செவுரு 20 டெசிபலுக்கு மேல தடுக்காது. நூறு சதுர அடி செவுத்துல ஒரு சதுர அடி. தண்ணித் தொட்டி எவ்வளவு தடிமனா கட்டியிருந்தாலும் அடியில ஓட்டை இருந்தா தண்ணி நிக்குமா, அதேதான் இதுவும். அதனால மொதல்ல அடைக்கணும், அப்புறம்தான் கனம் கூட்டணும். இந்த வரிசை மாறுனா காசு தண்டம்.

எங்கெங்க ஓட்டைன்னு கண்டுபிடிக்குற வழி ரொம்ப எளிசு. பக்கத்து வீட்டுல ரேடியோவ ஒரே சவுண்டுல வெச்சு விட சொல்லுங்க, உங்க வீட்டுல எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு செவுத்தோரமா காத வெச்சுட்டே நடங்க. ராத்திரி லைட்ட அணைச்சுட்டு அந்தப் பக்கம் டார்ச் அடிக்க சொன்னா வெளிச்சம் வர்ற இடமெல்லாம் சத்தமும் வர்ற இடம்தான். எங்க வீட்டுல சுவிட்ச் போர்டு மாட்டின இடத்துல அந்தப் பக்கம் அவங்க சுவிட்ச் போர்டு, நேருக்கு நேர், நடுவுல செவுரே இல்ல, ரெண்டு டப்பாவும் முதுகோட முதுகு. பழைய பங்களாவுல இருக்குறவங்க ஃபயர் பிளேஸ் பக்கம் பாருங்க, ரெண்டு ரூமுக்கும் ஒரே புகைபோக்கின்னா சத்தம் அது வழியா தாராளமா வரும். தண்ணி பைப் செவுத்த துளைச்சு போற இடம், கேபிள் வயருக்காக போட்ட துளை, ஹாலோ பிளாக்க பூசாமலே விட்டு மேல பெயின்ட் மட்டும் அடிச்ச செவுரு, எல்லாம் பாக்கணும். பூசாத ஹாலோ பிளாக் பாக்க கெட்டியா இருக்கும், ஆனா அதுல பொடிப்பொடியா கண்ணுக்கு தெரியாத துளைங்க இருக்கு, நல்லா ஒரு பூச்சு பூசினாலே பெரிய வித்தியாசம் தெரியும். ஓட்டைய அடைக்க சிமெண்ட் மட்டும் போதாது, ஓரத்துல காலப்போக்குல விரிசல் விட்டுடும், உள்ள சாந்து வெச்சு அடைச்சுட்டு ஓரத்துக்கு மட்டும் இறுகிப்போகாத சீலண்ட், அதாவது ரப்பர் மாதிரி நெகிழுற பசை, போடுங்க. சுவிட்ச் போர்டு வேலைய எலக்ட்ரீசியன வெச்சு மெயின் ஆஃப் பண்ணிட்டு செய்யுங்க, முடிஞ்சா ஒரு பக்கத்து போர்ட ஒரு அடி தள்ளி மாத்திடுறது நல்லது.

எங்க வீட்டுல இதெல்லாம் அடைச்சும் டிவி சத்தம் கொஞ்சம்தான் கொறஞ்சுச்சு, அது எதிர்பார்த்ததுதான், பெரிய ஓட்டை மேலதான இருக்கு. மேல செங்கல் வெச்சு கூரை வரைக்கும் எழுப்பலாமான்னு மேஸ்திரி அண்ணன கூப்பிட்டு காட்டினோம். அவர் செவுத்த ஒரு இடத்துல சுரண்டி பாத்துட்டு, "இது மண்ணு சாந்து வெச்சு கட்டின கல்லு செவுருங்க, இது மேல பாரம் ஏத்த வேணாங்க"ன்னு சொல்லிட்டாரு. அது நல்ல யோசனை, பழைய செவுருன்னா நீங்களும் கேட்டுட்டு செய்யுங்க. அதனால கனம் கொறைவா, ஆனா காத்து போகாத மாதிரி ஒரு தடுப்பு போடலாம்னு முடிவாச்சு. சீலிங்குக்கு மேல நடுச்செவுத்து தலையில ஜிஐ சேனல்ல, அதாவது துரு புடிக்காம இருக்க துத்தநாகம் பூசின தகடுச் சட்டத்துல, ஒரு ஃபிரேம், அதுக்குள்ள 50 மில்லிமீட்டர் ராக்வூல், அதாவது கல்ல உருக்கி செஞ்ச பஞ்சு, ரெண்டு பக்கமும் பைபர் சிமெண்ட் போர்டு, ஒவ்வொரு பக்கமும் ரெண்டு அடுக்கு, கீழ் அடுக்கோட ஜாயின்ட்டும் மேல் அடுக்கோட ஜாயின்ட்டும் ஒரே இடத்துல வராத மாதிரி. நடுவுல மெத்துன்னு ஒண்ணு, ரெண்டு பக்கமும் கனமா ஒண்ணு, இந்த அமைப்புதான் வேல செய்யுது, போர்டு சத்தத்த தடுக்குது, நடுவுல இருக்குற ராக்வூல் உள்ள சத்தம் எதிரொலிச்சு பெருகாம பாத்துக்குது. ராக்வூல் மட்டும் திணிச்சு விட்டா சத்தம் அதுக்குள்ள புகுந்து போயிட்டே இருக்கும், போர்டு மட்டும் போட்டா நடுவுல இருக்குற காலி இடம் அதிரும்.

ஜிப்சம் போர்டு ஏன் வேணாம்னா, நம்ம ஊர் ஈரம். குன்னூருக்கு அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு மழை அடிச்சு ஊத்தும், தகரத்துக்கு கீழ பனி வேர்த்து சொட்டும், சாதாரண ஜிப்சம் நனைஞ்சா ஊறிப்போயி பூசணம் புடிச்சுடும். ரூமுக்குள்ள, வெளிச்செவுரு இல்லாத இடத்துல, ஜிப்சம் போடறதா இருந்தா பச்சை கலர்ல வர்ற ஈரம் தாங்குற வகைய கேட்டு வாங்குங்க. மரச்சட்டமும் யோசிச்சுதான், சில்வர் ஓக் பலகை நமக்கு சுலபமா கெடைக்கும், ஆனா ஈரத்துல வளையும், கரையான் வரும். நாங்க ஜனவரியில காஞ்ச நாளா பாத்து வேலைய வெச்சோம்.

இந்த வேலையில மெனக்கெட வேண்டிய இடம் தகரத்தோட போர்டு சேர்ற இடம். தகரம் மேடும் பள்ளமுமா வளைஞ்சு வளைஞ்சு போகுது, போர்ட நேரா வெட்டி வெச்சா ஒவ்வொரு மேட்டுக்கு கீழயும் ஒரு சந்து, சேத்துப் பாத்தா அதுவே பெரிய ஓட்டை. ஆசாரி அண்ணன் ஒரு அட்டைய தகரத்தோட வளைவுக்கு வெட்டி, அத வெச்சு போர்டுல கோடு போட்டு, ஒண்ணொண்ணா வெட்டி பொருத்தினாரு, மிச்சமான சந்துல ராக்வூல் துண்ட இறுக்கி அடைச்சு மேல சீலண்ட். கைமரம் தடுப்ப தாண்டி போற இடத்துலயும் அப்படியே. பொறுமையான வேல, பாதி நாள் அதுக்கே போச்சு, அந்தப் பொறுமைக்கு அவருக்கு நான் எப்பவும் கடமைப்பட்டிருக்கேன். போர்டு வெட்டும்போது பறக்குற தூசி நுரையீரலுக்கு கெடுதல், மாஸ்க் கட்டாயம், வெளிய வெச்சு வெட்டுங்க. உங்க கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா இருந்தா அத வெட்டவோ துளைக்கவோ தேய்க்கவோ வேண்டவே வேண்டாம், அந்த நார் உடம்புக்குள்ள போனா ரொம்ப வருசம் கழிச்சு நோயா வரும். அப்புறம் காத்தோட்டம், மேல இருந்த ஒரே குகை இப்ப தனித்தனியா ஆயிடுச்சு, அதனால ஒவ்வொரு வீட்டுக்கும் கூரை ஓரத்துல தனியா காத்து போக வழி இருக்கான்னு பாத்துக்குங்க, இல்லன்னா ஈரம் உள்ளயே தங்கிடும்.

இதுல இன்னொரு பெரிய நன்மை இருக்கு, எனக்கு சத்தத்த விட இதுதான் இப்ப பெருசா தோணுது. மேல தொறந்து கெடந்தா ஒரு வீட்டுல தீ புடிச்சா அது சீலிங்குக்கு மேல ஏறி வரிசையில இருக்குற எல்லா வீட்டுக்கும் ஓடிடும், புகையும் அப்படியேதான். குளிருக்கு கரி அடுப்பு வெச்சுக்குற ஊரு, மேல பழைய வயருங்க தொங்குற வீடு, காஞ்ச பலகை. ராக்வூலும் சிமெண்ட் போர்டும் எரியாது. அதனாலதான் ஃபோம் ஷீட் ஒட்டலாமான்னு கேக்குறவங்கள நான் தடுக்குறேன். முட்டை அட்டை, ஸ்டுடியோவுல ஒட்டுற ஃபோம், தெர்மாகோல், இதெல்லாம் கனமே இல்லாத பொருள், சத்தத்த தடுக்காது. ஃபோம் ரூமுக்குள்ள எதிரொலிய கொறைக்கும், அவ்வளவுதான், பக்கத்து வீட்டு சத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. தெர்மாகோலும் சாதாரண ஃபோமும் தீ புடிச்சா வர்ற புகை ஆள கொன்னுடும். கொழந்தைங்க தூங்குற ரூம்ல அத ஒட்டாதீங்க, தயவு செஞ்சு.

வேல முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி மாமா டிவி போட்டாரு. சத்தம் சுத்தமா நின்னுடுச்சுன்னு சொல்ல மாட்டேன், யாரோ பேசுறாங்கன்னு ஒரு முணுமுணுப்பு இருக்கு, ஆனா என்ன பேசுறாங்கன்னு ஒரு வார்த்தை புரியல. அந்த வித்தியாசம் போதும்ங்க. வார்த்தை புரிஞ்சாதான் மனசு அது பின்னாடி ஓடும், புரியலன்னா கொஞ்ச நேரத்துல காது அத விட்டுடும். பொண்ணு கதவ சாத்திட்டு படிக்குறா. மாமியார் போர்வைய வாயில வெக்குறதில்ல.

மிச்சம் இருக்குறது அதிர்வு. அது காத்துல வர்ற சத்தம் இல்ல, செவுத்த தொட்டுட்டு இருக்குற பொருள் வழியா வர்றது, அதுக்கு போர்டும் ராக்வூலும் உதவாது. அத்தை வீட்டு சமையல் மேடை கடப்பா கல்லு, அது நடுச்செவுத்துக்குள்ளயே பதிச்சிருக்கு, அதுல மிக்சி ஓடுனா எங்க அலமாரியில டம்ளர் ஆடும். அதுக்கு மிக்சிக்கு கீழ தடிமனா ரப்பர் மேட் வெச்சதுலயே நல்ல மாற்றம். தண்ணி மோட்டார், வாஷிங் மெஷின், ஸ்பீக்கர், செவுத்துல மாட்டின டிவி, எல்லாமே பொதுச்செவுத்துல இருந்து தள்ளி இருக்கணும், பைப்புக்கு போடற கிளாம்புக்கு நடுவுல ரப்பர் வைக்கணும். மாமாவோட டிவிய அவங்களே எதிர்ச்செவுத்துக்கு மாத்திக்கிட்டாங்க. மாமா காதுக்கும் பாத்தோம், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல தகுதி உள்ளவங்களுக்கு காதொலிக் கருவி குடுக்குறாங்க, அதுக்கு காகிதம் எல்லாம் எங்க வீட்டுக்காரர் கூட போயி குடுத்துட்டு வந்தாரு. உங்க பக்கத்து வீட்டுலயும் டிவி சத்தம் கூடிட்டே போகுதுன்னா கோவப்படறதுக்கு முன்னாடி அவங்க காது எப்படி இருக்குன்னு யோசிங்க.

செலவ ரெண்டு வீடும் பாதி பாதி போட்டோம். இத நான் எப்படி கேக்குறதுன்னு ரொம்ப நாளா தயங்கினேன், "உங்க சத்தம் தொந்தரவா இருக்கு"ன்னு ஆரம்பிச்சா மனசு ஒடஞ்சிடும். அதனால "அத்தை, நாங்க பேசுறது உங்களுக்கு கேக்குதுல்ல, எங்களால உங்க தூக்கம் கெடுது, மேல ஒரு தடுப்பு போட்டுக்கலாமா"ன்னு கேட்டேன். அது பொய்யும் இல்ல. அவங்க ஒரு நிமிசம் யோசிச்சுட்டு, "நாங்களும் இத்தன வருசமா குசுகுசுன்னுதான் கண்ணு பேசிட்டு இருக்கோம்"னாங்க.

மலைச்சரிவுல படிப்படியா கட்டின வீட்டுக்காரங்களுக்கு ஒண்ணு. மேல் வீட்டோட தரையும் உங்க ஜன்னலும் ஒரே மட்டமா இருக்கும், பொதுச்செவுரோட கீழ் பாதிக்கு பின்னாடி மண்ணுதான். அந்தப் பாதியில சத்தத்துக்காக எதுவும் ஒட்டாதீங்க, மண்ணு ஈரம் உள்ள வரும், அத மூடி வெச்சா உள்ளயே அழுகும். மேல் பாதிய மட்டும் கவனிங்க, ஈரத்துக்கு தனியா மொதல்ல வழி பண்ணுங்க.

வாடகை வீடு, ஆணி அடிக்கவே ஓனர் விடமாட்டாருன்னா, துணி நெறைஞ்ச மர பீரோவ பொதுச்செவுத்து பக்கம் ஒரு இஞ்ச் இடைவெளி விட்டு நிறுத்துங்க, கட்டில எதிர்ப்பக்கம் மாத்துங்க, சுவிட்ச் போர்டு ஓரத்தையும் பைப் ஓரத்தையும் சீலண்ட் வெச்சு அடைங்க, பெரிய மாற்றம் வராது, கொஞ்சம் வரும். ஓனர்கிட்ட பேசும்போது சத்தத்த பத்தி பேசாதீங்க, சீலிங்குக்கு மேல தொறந்து கெடக்குறத டார்ச் அடிச்சு காட்டி தீ விசயத்த சொல்லுங்க. எங்க வரிசையில மூணாவது வீட்டு ஓனர் அத பாத்துட்டுத்தான் அடுத்த மழைக்கு முன்னாடி அவர் பக்கமும் தடுப்பு போட ஒத்துக்கிட்டாரு, அதே ஆசாரி அண்ணன்கிட்ட சொல்லியாச்சு.